உருப்போட்டா எக்ஸ்ரே தேர்வு தேறுமா?

அமெரிக்காவில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் வேலைக்கு ஏ.ஆர்.ஆர்.டி. சான்றிதழ் கேட்பாங்க. தேர்வில் பாஸ் மார்க் 75. (நூற்றுக்கு 75 இல்லைங்க, வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்துச் சரிசெய்த மதிப்பெண்.) 3 வருஷத்துக்குள்ள 3 வாய்ப்புதான். அந்தப் பயத்தில் நம்ம மக்கள் மாதிரிக் கேள்விகளை மட்டும் உருப்போடுறாங்க. எனக்கு இதில் உடன்பாடில்லை.

தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு கால்வாசி. எண்ணை மாற்றிக் கேட்டாலே உருப்போட்டவர் முழிப்பார். வார்டுக்கு மெஷினைத் தள்ளிட்டுப் போய்ப் படம் எடுக்கிறோம். பக்கத்தில் 1 மீட்டரில் நிற்கிற நர்ஸை 2 மீட்டருக்கு ஏன் நகரச் சொல்றோம்? அது புரிஞ்சவருக்குச் சூத்திரம் தனியாப் படிக்க வேண்டாம். நர்ஸுக்கும் நல்லது! முதலில் இயற்பியல் பாடத்தை முடிங்க, மாதிரிக் கேள்விகளுக்குக் கடைசி இரண்டு வாரம் போதும்.