பனியை எடை போடுகிறார்கள். நம் மண்ணை யார் எடை போடுவது?

“என் மகன் ராணுவத்தில், லடாக் பகுதியில் இருக்கிறான். அங்கே ஒரு குழுவினர் நீளமான குழாயைப் பனிக்குள் இறக்கி, வெளியே எடுத்து, தராசில் மாட்டி எடை பார்த்தார்களாம். பனியை எதற்கு எடை போட வேண்டும்? அங்கே பனி குறைந்தால் நம் காவிரிக்கும் தண்ணீர் குறையுமா?”

- ஒரு வாசகர், பென்னாகரம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இமயமலைப் பனி உருகிக் காவிரிக்கு வருவதில்லை. காவிரி பிறப்பது குடகு மலையில். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் ஒகேனக்கல்லில் வெள்ளமாக இறங்குகிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணையும் மழையை நம்பிய ஆறுதான். வடக்கே கதை வேறு. சட்லஜ் ஆற்றில் உள்ள பக்ரா அணைக்குக் கோடையில் வரும் தண்ணீரில் கணிசமான பங்கு, உருகி வரும் பனி. அதனால் அங்குள்ளவர்கள் மலையில் எவ்வளவு தண்ணீர் பனியாக உட்கார்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குத்தான் எடை. இங்கே பனி என்றால் நம் மார்கழிப் பனி அல்ல. பஞ்சு போல விழுந்து அடுக்கடுக்காகச் சேரும் வெண்பனி. அதன் உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். பதர் கலந்த கேழ்வரகைப் படியில் அளந்தால் படி நிறையும், தராசில் எடை நிற்காது அல்லவா? அதே கணக்கு. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். நாளாகி அழுந்திய பனி 300, 400 கிலோ வரை போகும். முதல் வகை ஒரு மீட்டர் உயரம் கிடந்தால், உருகும்போது கிடைப்பது 100 மில்லிமீட்டர் தண்ணீர். இரண்டாவது வகை அதே உயரத்துக்கு 300, 400 மில்லிமீட்டர் தரும். அடுக்குகளின் அடர்த்தியைப் பார்த்துப் பனிச்சரிவு ஆபத்தையும் கணிக்கிறார்கள். உங்கள் மகன் இருக்கும் இடத்தில் இது உயிர் காக்கும் கணக்கு.

குழாயில் பனியை வெட்டி எடுத்து எடை போடும் முறையை அமெரிக்காவின் நெவாடாவில் 1900-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் சர்ச் என்பவர் உருவாக்கினார். அவர் லத்தீன் மொழிப் பேராசிரியர். மலைப் பனியை எடை போட்டே தாஹோ ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொன்னார்.

நமக்குப் பனிமலை இல்லை. நமக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது மண். அதையும் இதே போல எடை போட்டுப் பார்க்கலாம். இதற்குப் ‘பரும அடர்த்தி’ என்று பெயர்.

மண்ணில் துளை குறைந்தால் மழை இறங்க இடம் இல்லை. மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 1.3 இருந்தால் அதிலுள்ள துளைகள் சுமார் 76 மில்லிமீட்டர் தண்ணீருக்கு இடம் தரும். டிராக்டர் மிதித்து 1.6 ஆகிவிட்டால் 59 மில்லிமீட்டருக்குத்தான் இடம். வித்தியாசம் 17 மில்லிமீட்டர். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 68,000 லிட்டருக்கு மேல்! அந்த இடத்தில் நிற்கும் தண்ணீர் முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. ஒரு பகுதி கீழே இறங்கிவிடும். ஆனால், இடமே இல்லையென்றால் பலத்த மழை வரப்பை உடைத்துக்கொண்டு, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். மானாவாரியில் நிலக்கடலையும் சாமையும் போடுகிறவர்களுக்கு இது சின்ன நஷ்டம் அல்ல.

அளக்கும் முறை எளிது. உள்விட்டம் 7 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு விளிம்பைக் கூராக்கிக்கொள்ளுங்கள். இதன் கொள்ளளவு 385 கன சென்டிமீட்டர். மழை பெய்து இரண்டு, மூன்று நாள் கழித்து, மண் ஈரப்பதமாக இருக்கும்போது சருகை விலக்கி, மேலே பலகை வைத்து, குழாய் மட்டமாக இறங்கும்வரை தட்டுங்கள். சுற்றிலும் தோண்டி எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் சமமாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் மண்ணைச் சிந்தாமல் எடுத்து வெயிலில் காயவைத்து, பிறகு பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டும் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த எடையை 385-ஆல் வகுங்கள். 500 கிராம் என்றால் 1.3. 616 கிராம் என்றால் 1.6. குழாய்க்குள் சரளைக் கல் சிக்கினால் கணக்குத் தப்பும். வேறு இடத்தில் எடுங்கள்.

டிராக்டர் திரும்பும் வரப்போரம், வயலின் நடுப்பகுதி, உழாத மரத்தடி என மூன்று இடங்களில் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் மேல்மண்ணில் ஒன்று, ஓர் அடிக்குள் கீழே ஒன்று எடுங்கள். கரிசலில் 1.4-ஐத் தாண்டினாலே வேர் திணறும். மணல் கலந்த செம்மண் 1.6 வரை தாங்கும், 1.7, 1.8 என்றால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பும்.

மேலே பொலபொலப்பாக இருந்து கீழே மட்டும் இறுகியிருந்தால், வருடாவருடம் ஒரே ஆழத்தில் உழுததால் உண்டான கடினத்தட்டு அது. மண் நன்கு காய்ந்திருக்கும் கோடையில் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் உழுதால் தட்டு உடையும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுங்கள். தொழுவுரம் கிடைக்காதவர்கள் சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். மேல்மண்ணே இறுகியிருந்தால் ஆட்டுக்கிடையும் மூடாக்கும் உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மண்ணை உருண்டை பிடித்தால் கையில் ஒட்டும் ஈரத்தில் டிராக்டரை வயலில் இறக்காதீர்கள். வாடகை டிராக்டர் இன்றைக்குத்தான் கிடைக்கும் என்று அவசரப்பட்டு ஒரு நாள் மிதித்ததைச் சரிசெய்யப் பல பருவங்கள் ஆகும்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிடைக்கும் முதல் ஈரத்திலேயே அளந்துவிடுங்கள். மரத்தடி மண்ணுக்கும் வயல் மண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று எழுதி அனுப்புங்கள்.