இசிஜி சரியாக இருந்த பிறகு

நெஞ்சுப் படபடப்பு, கை கால் மரமரப்பு, தலைக் கனம், சாப்பிட்டால் வயிற்றில் ஏதோ பிசைவது. புறநோயாளிப் பிரிவில் இவற்றைக் கேட்காத நாள் நமக்கு இல்லை. இசிஜி எடுக்கிறோம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்கிறோம். எல்லாம் சரி. "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் அதே ரிப்போர்ட்டுகளோடு அவர் வேறொரு மருத்துவரின் வாசலில் காத்திருக்கிறார்.

அவருடைய உபாதை உண்மையானது. பதற்றத்தில் மூச்சு வேகமெடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், காரத்தன்மை கூடும், அயனி நிலைக் கால்சியம் இறங்கும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது அதனால்தான். பக்கவாதமோ என்று அவர் பயப்பட, மூச்சு இன்னும் வேகமாகிறது. இதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். எதிரே உட்காரவைத்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், வெளிமூச்சை நீளமாக விடச் சொல்லுங்கள். பலருக்கு அங்கேயே மரமரப்பு தணியத் தொடங்கும். எந்த அறிவுரையையும்விட அது அவருக்குத் தைரியம் தரும்.

மனச்சோர்வும் நம்மிடம் உடல் வழியாகத்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உள்பட 14 நாடுகளின் மையங்களில் நடத்திய ஆய்வின் தரவுகள் 1999இல் வெளியாயின. மனச்சோர்வு இருந்த 1146 பேரில் 69 சதவீதத்தினர், மருத்துவரிடம் வந்த காரணமாக உடல் உபாதைகளை மட்டுமே சொன்னார்கள். நேரடியாகக் கேட்டும் மன அறிகுறிகளை மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். கேட்டால் சொல்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

உடற்பயிற்சியையும் மருந்துச்சீட்டில் எழுதலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 156 பேரிடம் நடந்த ஆய்வில், 16 வார முடிவில் பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். தொடக்கத்தில் மருந்து வேகமாக வேலை செய்தது. ஆனால், படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் "நடங்க" என்று மட்டும் சொல்வது சிகிச்சை ஆகாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், வீட்டில் யார் கூட வருவார்கள் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். மருந்து தேவைப்படுபவருக்குத் தாமதிக்காமல் கொடுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அல்பிரசோலத்தை மட்டும் எழுதி, மாதக்கணக்கில் நீட்டிக்கும் வழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும்.