மீரியபெத்தையின் கடிதங்கள் யார் மேசையில் கிடந்தன?

மீரியபெத்தை மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில். அந்த மலைச்சரிவு ஆள் குடியிருக்கத் தகுந்த இடமில்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது 2005இல். திரும்பவும் சொன்னது 2011இல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் புறப்படும் வேளையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் அந்தப் பிரிவில் லயன்கள், கோயில், கடைகள் எல்லாம் சில நிமிடங்களில் இல்லாமல் போயின. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 37 பேர் என்பது பின்னர் நிலைத்த அரசாங்கக் கணக்கு. முதல் நாட்களில் நூறு என்றார்கள், முந்நூறு வரை போனார்கள். ஒரு பிரிவில் எத்தனை உயிர் குடியிருக்கிறது என்று உடனே சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. அதே தொழிலாளி பிரட்டுக்கு எத்தனை நாள் வந்தார், எத்தனை கிலோ கொழுந்து போட்டார் என்று கேட்டிருந்தால் கணக்கு ஒரு சதமும் பிசகாமல் வந்திருக்கும்.

மண் சரிந்த கையோடு ஒரு வாதமும் கிளம்பியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியாயிற்று, வெளியேறவும் சொன்னோம், சனங்கள்தான் போகவில்லை. இந்த வாதம் இன்னும் செத்துப்போகவில்லை. மழைக்காலம் வந்து பதுளை மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்படும்போதெல்லாம் அது உயிர்பெறுகிறது. காக்கப்பட வேண்டியவர்களுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கைக் கடிதம், கடைசியில் அவர்கள்மேலேயே குற்றம் சுமத்தும் சாட்சியாகிவிட்டது. கடிதம் கிடைத்தும் சும்மா இருந்தவர்கள் அதையே குடையாகப் பிடித்துக்கொண்டார்கள். இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அந்தக் குடை செல்லாது என்பதே என் வாதம். அதற்கு முன், ‘போகவில்லை’ என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

போவதென்றால் எங்கே போவது? லயத்துக் காம்பிரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை. உறுதிப்பத்திரம் கிடையாது, விற்க முடியாது, அடகுவைக்க முடியாது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் அந்தக் கூரையில் உரிமை நிற்கும் என்பது எழுதாத சட்டம். நிலமோ அரசாங்கத்தினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. இன்று கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகைக்காரர்கள், கெடு 2045 வரை. அரசாங்கம் கையில் ‘தங்கப் பங்கு’ ஒன்றை வைத்துக்கொண்டு நில உரிமையாளராக நிற்கிறது. அம்பிட்டிகந்தையை நடத்தியது மஸ்கெலியா பெருந்தோட்டக் கம்பனி. வீடமைப்புக்கென்று தனியாகப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஒன்று. அதற்கு மேல் அமைச்சு.

உள்ளூராட்சியாவது கைகொடுத்ததா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட விடவில்லை. அந்தத் தடை திருத்தப்பட்டது 2018இல்தான். மீரியபெத்தைக்கு எச்சரிக்கை வந்த இரண்டு தடவையும், தொழிலாளி வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த சபை அவருடைய லயத்துக்கு ஒரு கொங்கிரீட் படி கட்டிக்கொடுக்கவும் சட்டப்படி தயங்க வேண்டியிருந்தது. வேறிடத்தில் நிலம் வேண்டுமென்றால் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசாங்கம் அளந்துகொடுக்க வேண்டும், அமைச்சு காசு போட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றையேனும் செய்யும் அதிகாரம் தொழிலாளியிடம் இருக்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் ‘போகவில்லை’ என்றார்கள்.

தொழிற்சங்கங்களையும் இந்த வரிசையில் நிறுத்தாமல் விட முடியாது. 2014இல் மலையகத்தின் மிகப் பெரிய சங்கத்தின் தலைமையில் இருந்த ஆறுமுகன் தொண்டமான் அமைச்சரவையிலும் இருந்தார். மண்சரிவுக்கு ஆறு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான், செப்டெம்பர் 20ஆம் திகதி, ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. சந்தா வாங்கும் சங்கமே ஆளும் தரப்பிலும் அமர்ந்திருந்தால், தொழிலாளிக்காக அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுவது யார்? எதிரணியில் இருந்த சங்கங்கள் அறிக்கை விட்டன. அறிக்கை வழக்காகாது.

2005ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை வேறு இரண்டு காரணங்களுக்காகவும் முக்கியமானது. அந்த ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் மே மாதம் வந்தது. சுனாமி தந்த அடியில் பிறந்த சட்டம் அது. அதன்கீழ் அமைந்த தேசிய பேரவைக்குத் தலைவர் ஜனாதிபதி, உபதலைவர் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவரும் அதில் உறுப்பினர். ‘எங்களுக்கு மேலே யாரோ பார்ப்பார்கள்’ என்று சொல்ல இடம் வைக்காமல் பொறுப்பு உச்சியிலேயே கட்டப்பட்டது. மீரியபெத்தையைப் பற்றிய முதல் எச்சரிக்கை வந்ததும் அதே ஆண்டு.

அதே மே மாதத்தில்தான் பிந்துனுவெவ வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பண்டாரவளைக்கு அருகே, நமுனுகுல மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த அந்தப் புனர்வாழ்வு முகாமை 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் ஒரு பெருங்கும்பல் சூழ்ந்தது. அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களும் சிறுவர்களுமாகக் குறைந்தது 27 பேர் அடித்தும் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர் அங்கே நின்றார்கள். முந்திய இரவே பதற்றம் தெரிந்திருந்தது, சுவரொட்டிகளும் ஒட்டப்பட்டிருந்தன. 41 பேர்மேல் குற்றப்பத்திரம் தாக்கலாகி, 2003 ஜூலையில் இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குப் பிறகு அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் குற்றவாளியாக எஞ்சவில்லை. பொலிஸார் கைகட்டி நின்றதை வைத்துக்கொண்டு கும்பலின் குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டென்று நிரூபிக்க முடியவில்லை. ஜனாதிபதி நியமித்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையும் மக்கள் கைக்கு வரவில்லை.

குற்றவியல் வழக்கில் ஐயம் தீர நிரூபிக்க வேண்டும். அது சரியான விதிதான், அதைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஆனால் பிந்துனுவெவ இங்கே ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. செய்தவன் அகப்படலாம், தெரிந்தும் சும்மா இருந்தவன் தப்பிவிடுவான் என்ற பாடம். அதிகாரிகள் அதை நன்றாகவே படித்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு. குண்டுத் தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து தகவல் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோவையும் பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவையும் குற்றவியல் வழக்கில் மேல் நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் விடுவித்தது. பிந்துனுவெவ திரும்பவும் நடக்கிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் வேறொரு கதவையும் தட்டியிருந்தார்கள். அது அடிப்படை உரிமை மனு. 2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா, பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன், ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன், தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 10 மில்லியன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திறைசேரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, சொந்தப் பணம். முன்னாள் ஜனாதிபதி தவணைக்கு அனுமதி கேட்கும் நிலை வந்தது.

அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி இதுதான்: எச்சரிக்கை வந்தது என்பது அவர்களுக்குச் சாதகமாகவில்லை, அதுவே அவர்களைக் கட்டிப்போட்டது. தெரிந்திருந்தது, செய்யும் அதிகாரமும் இருந்தது, செய்யவில்லை. எமது அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை நேரடியாக எழுதப்படவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம், மத வழிபாட்டுச் சுதந்திரம் ஆகியவற்றைக் கொண்டே நீதிமன்றம் அங்கு வந்து சேர்ந்தது. மீரியபெத்தையிலும் எச்சரிக்கை இருந்தது, அதுவும் ஒன்பது ஆண்டுகளாக. சமத்துவம் என்ற பிரிவும் இருந்தது. பக்கத்துக் கிராமத்தவருக்குப் பிரதேச சபையும் காணி உறுதியும் இருக்க, அவை இரண்டும் இல்லாத ஒரு சமூகத்தை ஆபத்தென்று தெரிந்த சரிவிலேயே விட்டுவைத்தது சமத்துவ மீறல் இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது?

மண்சரிவும் குண்டுவெடிப்பும் ஒன்றா என்று கேட்பார்கள். மழையை யாரும் சதி செய்து பெய்விக்கவில்லை, உண்மை. ஊவா மலைகளில் ஆபத்தென்று சிவப்புக் கோடிட்ட இடங்கள் ஏராளம், எல்லாரையும் ஒரே ஆண்டில் பெயர்த்துக் குடியேற்றப் பணமில்லை, அதுவும் உண்மை. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஆய்ந்து சொல்வது அதன் வேலை, அதைச் செய்தது. கேள்வி கடிதத்தைப் பெற்றவர்களைப் பற்றியது. 2005க்கும் 2014க்கும் இடையில் மாற்று நிலத்துக்காக ஒரு துண்டுக் கடிதமாவது கம்பனிக்குப் போனதா? கம்பனி பதில் போட்டதா? வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி கேட்கப்பட்டதா? பணமில்லை என்ற வாதமும் முழுதாக நிற்காது. உயிர்கள் போனபின், 2016 ஒக்டோபரில், பூனாகலை மக்கல்தெனியவில் 75 வீடுகள் தலா 7 பேர்ச் காணியோடு கையளிக்கப்பட்டன. அதுவரை பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காலம் தள்ளினார்கள். இரண்டு ஆண்டில் முடிந்த வேலை ஒன்பது ஆண்டில் ஏன் முடியவில்லை என்று கேட்க எந்த விசேட சட்டமும் தேவையில்லை.

1966 ஒக்டோபரில் வேல்ஸின் அபர்பான் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், மலைமேல் கொட்டிவைத்த சுரங்கக் கழிவு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். அங்கேயும் முன்கூட்டியே முறைப்பாடுகள் இருந்தன. அங்கே நடந்து, இங்கே நடக்காத ஒன்று உண்டு. விசாரணை மன்றம் 76 நாட்கள் பகிரங்கமாக அமர்ந்தது. 1967 ஓகஸ்டில் வெளியான அறிக்கை பழியைத் தேசிய நிலக்கரிச் சபையின்மேல் நேராகச் சுமத்தியது, பொறுப்பான ஆட்களையும் பெயர் சொல்லியது. அத்தோடு அங்கேயும் நின்றுபோனது. ஒருவர்மீதும் வழக்கில்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. மிச்சமிருந்த கழிவுக் குவியலை அகற்ற, பாதிக்கப்பட்டவர்களுக்காக மக்கள் திரட்டிய நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அது திருப்பிக் கொடுக்கப்பட 1997 ஆயிற்று. பணக்கார நாட்டிலும் நிறுவனம் என்று வந்தால் இவ்வளவுதான். இருந்தும், அந்தத் தாய்மாருக்குத் தவறு யாருடையது என்று அச்சில் இருக்கிறது. மீரியபெத்தைத் தாய்மாருக்கு அதுவும் இல்லை.

தனி ஆள் என்றால் நாம் சுறுசுறுப்பாகிவிடுகிறோம். 2018 ஜனவரியில், பதுளையில் தமிழ் மகளிர் பாடசாலை அதிபர் ஒருவரை முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு அப்போதைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கமேல் எழுந்தது. சில நாட்களுக்குள் அவர் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது, கைதாகிப் பிணையில் வந்தார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அவர் 2020இலும் 2024இலும் பதுளை மாவட்டத்திலிருந்தே நாடாளுமன்றம் போனார். முகமுள்ள குற்றச்சாட்டுக்கே கதி இதுவென்றால், அமைச்சு, கம்பனி, நிதியம், பேரவை என்று நான்கு திசையில் சிதறிய பொறுப்பை யார் பொறுக்கி எடுப்பது? சிதறடித்து வைப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் கேட்டால் ‘மேலே அறிவிச்சிருக்கு’ என்பார்கள், மேலே கேட்டால் கம்பனியைக் காட்டுவார்கள்.

ஈஸ்டர் மனுதாரர்கள் தட்டிய கதவை மீரியபெத்தை மக்கள் ஏன் தட்டவில்லை என்பதற்கு விடை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் போட வேண்டும். உடல்களைத் தோண்டிக்கொண்டிருந்த மாதம் அது. தவிரவும் அந்த மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் செல்லும். தனியார் கம்பனி நேரடியாக அதற்குள் வராது. அரசாங்கமே நிலச்சொந்தக்காரர் என்பதைக் கொண்டு வாதிடலாம், ஆனால் அதற்கு வழக்கறிஞர் வேண்டும், கொழும்புக்குப் போக வர வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவுக்குப் பதுளையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எத்தனை தோட்டத் தலைவர்மாருக்கு இது சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது?

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயன்கள் உடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கிப்போட்டது. அடுத்த ஒக்டோபருக்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு அமைச்சர் யாரும் வர வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நமுனுகுல அடிவாரத்திலிருந்து ஹல்துமுல்லை வரை சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போகட்டும். தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எமது பிரிவைப் பற்றிய ஆய்வறிக்கை எந்தத் திகதியில் எழுதப்பட்டது? அது எந்தப் பதவியில் இருந்த எந்த அதிகாரிக்கு அனுப்பப்பட்டது? கிடைத்ததிலிருந்து இன்றுவரை அவர் என்ன செய்தார்? பதில் வந்த நாளிலிருந்து அந்த அதிகாரிக்கும் அது தெரிந்திருந்தது என்பதற்கு ஊரார் கையில் ஒரு பத்திரம் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2023இல் தேடியதும் அந்த மாதிரிப் பத்திரத்தைத்தான்.