பிள்ளைகள் என்ன, மூட்டையா?



தீபாவளி கழிந்தால் கௌதள்ளியில் மேஸ்திரிகளின் நடமாட்டம் ஆரம்பமாகிவிடும். குடகில் காப்பிப் பழம் எடுக்கும் காலம் அது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஆள் தேடுவார்கள். முன்பணம் கைமாறும். "நாளை விடியக்காலம் வண்டி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பாயைச் சுருட்டுகிறோம், சட்டி பானையைக் கட்டுகிறோம், ஆட்டுக்குட்டியை யாரிடம் விடுவது என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறோம். பிள்ளைகளை எப்போது எழுப்புகிறோம்? வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்த பிறகு!

சென்ற மாதக் கூட்டத்தில் இதை நான் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, நீ ரயில்வே ஆபீசில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறாய். கூலிக்காரன் பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டா பிழைக்கப் போவான்? சின்னஞ்சிறுசு, போன இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லாமல் விட மனமில்லை.

பெரியவரே, நம்மை யாராவது கேட்டார்களா? 1956 நவம்பர் 1-க்கு முன் கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அன்றைக்கு மைசூர் ராஜ்யத்தில் சேர்த்தார்கள். நம் பாட்டன் கட்டிய வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைதான் நகர்ந்தது. (1997-ல் ஜில்லாவும் சாமராஜநகர் ஆயிற்று. நம்மவர் இன்னும் மைசூர் ஜில்லா என்றே சொல்கிறார்கள்.) 1964-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தீர்மானித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். வீட்டில் தமிழ், தெருவில் துளு, பள்ளியில் கன்னடம் என்று அந்தப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள்.

சர்க்கார் செய்தால் அநியாயம் என்கிறோம். அதையே நாம் வீட்டுக்குள் செய்தால் அதற்கு என்ன பெயர்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டித் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது எனக்கு வயது பதினொன்று. ஒரு ராத்திரி அப்பா எழுப்பி, "மாதேசுவரன் மலைக்குப் போகிறோம், சாமி கும்பிட்டு வருவோம்" என்றார். சந்தோஷமாக லாரியில் ஏறினேன். லாரி மலையில் நிற்கவில்லை. மறுபக்கம் இறங்கி, பாலாறு தாண்டி, மேட்டூரில் போய் நின்றது. உயிர் தப்ப ஓடியதற்காக அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பொய்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிய காம்பஸ் பெட்டி என் பையிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் வெகுகாலம், அப்பா கடைத்தெருவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால்கூட எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மேட்டூரில் ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை. போ என்றார்கள். ஒரு வருஷம் போயிற்று.

அன்று கலவரம் துரத்தியது. இன்று யார் துரத்துகிறார்கள்? மேஸ்திரியின் முன்பணம்! ஒரு வாரம் முன்னால் தேதி சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? வேலை எந்தத் தோட்டத்தில், லைன் வீடு எப்படி, பக்கத்தில் பள்ளி உண்டா என்று நாம் துருவிக் கேட்டுவிடுவோமே என்ற பயம்தான்! தேதி சொல்லாதவர் வண்டியில் ஏறமாட்டோம் என்று பத்துக் குடும்பம் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். நாள் தானாகத் தெரியவரும்.

ரயிலில் சாமானை லக்கேஜில் போட்டால் நான் ரசீது எழுதிக் கொடுக்கிறேன். ஓட்டைத் தகரப் பெட்டிக்கும் ரசீது உண்டு. பிள்ளையின் வயதைக் கேட்பது டிக்கெட்டுக்காக மட்டும். ஐந்துக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். என்ன வகுப்பு படிக்கிறாய் என்று எந்தக் கவுண்டரிலும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை வேறு ஊர் போனால், தலைமை ஆசிரியர் உடனே சான்றிதழ் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் அவர்மேல் நடவடிக்கை உண்டு. சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. வருஷ நடுவில் போனாலும் சேர்க்கவேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும். "ஜூனில் வாருங்கள்" என்றால் நகராதீர்கள்.

குடகு போகிறவர்களுக்குப் பாடமொழிக் கவலை குறைவு. அங்கும் கன்னடப் பள்ளிதான். திருப்பூர் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். "நம் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமே" என்கிறார்கள். பேசத் தெரியும், ஐயா! எழுதத் தெரியுமா? இங்கே கன்னடத்தில் படித்த பிள்ளை அங்கே போர்டைப் பார்த்து விழிக்கிறது. தமிழ்ப் பையன் தமிழில் பெயிலா என்று பிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கன்னடத்தில் நாலு எழுத்து எழுதுகிற இடத்தில் தமிழில் ஒரே 'க'தான் என்று காட்டிக் கொடுத்தால் பிள்ளைகளே விளையாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, தினம் நாலு எழுத்து. நம் சங்கம் வண்டி பேச ஆள் போடுகிறது, எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் போட்டதில்லை. இது என்னையும் சேர்த்த குற்றம்.

பத்து நாள் முன்னால் பிள்ளையை மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஊரின் பெயர், எங்கே படுப்போம், கக்கூஸ் எங்கே, தண்ணீர் எங்கே, பாட்டி வருவாளா மாட்டாளா, எந்த மாதம் திரும்புவோம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அழும். அழட்டும்! நமக்கும் உள்ளே அழுகைதானே, அடக்கிக்கொண்டு மூட்டை கட்டுகிறோம். ஒரு சின்னப் பையைக் கொடுத்து, அதில் வைப்பதை அதுவே தீர்மானிக்கட்டும். உடைந்த பம்பரம் வைத்தாலும் எடுத்து எறியாதீர்கள். வாத்தியாரிடமும் கூட்டாளிகளிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரட்டும். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

வருகிற ஞாயிறு காலை கௌதள்ளிக்கு வருகிறேன். சான்றிதழுக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், எழுதித் தருகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எந்த ஊருக்குப் போகப்போகிறோம் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுக் கூட்டி வாருங்கள்.