நாடகமும் சின்னத்திரையும்

குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், சுந்தரர் 11 பாடல்களில் தொகுத்துரைத்த அடியார் பெருமையை 4,000-க்கு மேற்பட்ட பாடல்களாக விரித்துப் பெரியபுராணம் இயற்றினார். வடிவம் மாறிற்று, தொண்டின் பெருமை மாறவில்லை.

நாடகத்தைத் திரைக்கு மாற்றுவோர்க்கும் இதுவே நெறியாகும். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைக் கே. பாலசந்தர் 1981ஆம் ஆண்டில் திரைப்படமாக்கினார். மேடையில் சொல்லால் உணர்த்தப்பட்ட வறட்சியைத் திரையில் வறண்ட நிலமே உணர்த்திற்று. ஆயினும், நீருக்கு ஏங்கும் சிற்றூரின் துயரம் சிறிதும் குன்றவில்லை. அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

தொலைக்காட்சிக்கோ இன்னும் நுண்ணிய மாற்றம் வேண்டும். கடைசி வரிசையினர்க்கும் கேட்குமாறு உரத்துப் பேசுதல் மேடையின் இயல்பு. முகத்தை அருகில் காட்டும் சின்னத்திரையில் அக்குரல் வெறுங்கூச்சலாகும். அங்குக் கண்ணிமையின் அசைவே பேசும். ஆதலின், ஒரு சொல்லையும் மாற்றலாகாது என்போர் கூற்று பொருந்தாது.

எனினும், விளம்பரத்திற்கு இடம் தேடிக் கதையை நறுக்குவதும், நாள்களை நீட்டக் கிளைக்கதைகளைப் புகுத்துவதும் ஆசிரியர்க்கு இழைக்கும் தீங்காகும். உடை மாறலாம், உயிர் மாறலாகாது. இவ்வேறுபாட்டை அறிந்தவரே பிறர் நூலைத் தொடத் தகுந்தவர்.