மாத்தே தேநீர் அன்று

அர்ஜென்டினக் கதைகளில் வரும் 'மாத்தே'யை 'ஒருவகை மூலிகைத் தேநீர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவது மொழிபெயர்ப்பாளருக்கு எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லில் ஒரு சமூகமே தொலைந்துவிடுகிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

மாத்தே இலைக்கும் தேயிலைக்கும் எந்த உறவுமில்லை. குவாரானிப் பழங்குடிகள் காட்டில் பறித்த இலை அது. பின்னர் இயேசு சபையினர் தங்கள் குடியேற்றங்களில் பயிரிட்டனர். 'மாத்தே' என்ற பெயரோ சுரைக்குடுவையைக் குறிக்கும் கெச்சுவாச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். ஊற்றுபவர் முதல் குடுவையைத் தாமே குடித்துவிட்டு, கொதிக்காத வெந்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டுவார். குடுவையைத் திருப்பித் தருகையில் 'நன்றி' என்றால் 'எனக்குப் போதும்' என்று பொருள். இதை அறியாமல் 'தேநீர் அருந்தி நன்றி கூறினாள்' என்று பெயர்த்தால், ஒருத்தி வட்டத்தைவிட்டு விலகும் கணம் வெறும் உபசாரமாகிவிடாதா?

அந்த வட்டத்தின் பேச்சுக்கும் இதே கதிதான். அங்கே 'நீ' என்பதற்குப் பாடநூல் ஸ்பானியத்தின் 'தூ' இல்லை, 'வோஸ்' உண்டு. வந்தேறிகளின் நெருக்கடியான குடியிருப்புகளில் இத்தாலியம் கலந்து வளர்ந்த லுன்ஃபார்தோ உண்டு. அதில் வேலை 'லபுரோ'. அசைகளைப் புரட்டி 'தாங்கோ'வைக் 'கோத்தான்' என்பார்கள். 'மாத்தே' தலையையும் குறிக்கும். 1941இல் அமெரிக்கோ காஸ்த்ரோ இப்பேச்சை ஒரு நோயைப்போல ஆராய்ந்து நூல் எழுதினார். லுன்ஃபார்தோவைப் பெரிதாக மதிக்காத போர்ஹெஸே அவரை எள்ளி நகையாடினார். 1943இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் வானொலியின் தாங்கோ பாடல்களிலிருந்து இச்சொற்களைக் களைந்தது. அன்று தணிக்கையாளர் செய்ததை இன்று மொழிபெயர்ப்பாளர் ஏன் செய்ய வேண்டும்?

'சே' என்ற விளியைப் பாருங்கள். அதை ஓயாமல் சொன்னதால்தான் எர்னஸ்டோ குவேராவுக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நம் சுவர்களெங்கும் அப்பெயர் இருக்கிறது. ஆனால் கதைக்குள் அந்த விளி வந்தால், தமிழில் சலிப்பாக ஒலிக்கும் என்றஞ்சி நீக்கிவிடுகிறோம்.

ஆங்கிலம் வழியாக வருவதால் இயலாது என்பது சாக்கு. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்த மொழி இது. வழக்குச் சொல்லின் மதிப்பை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புவெனஸ் அய்ரெஸ்வாசி கோவில்பட்டித் தமிழ் பேச வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது வேறொரு பொய். மாத்தே மாத்தேயாகவே இருக்கட்டும், 'சே' நிற்கட்டும், நண்பர்கள் மேடைத் தமிழை விட்டு 'வாடா, போடா' என்று பேசட்டும். புரியாத சொல்லைத் தேடி அறிந்துகொள்ளும் வாசகர்தாம் சிற்றிதழ்களை இத்தனை காலம் தாங்கி வந்திருக்கிறார். அவருக்கு எல்லாவற்றையும் தேநீராக்கி ஊற்ற வேண்டாம்.