புகை அடங்கிய தணல்



சென்ற மார்கழியில் மலைப்பங்கிலுள்ள ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றோம். சன்னல் இடுக்குகளில் துணி திணித்து, கட்டிலருகே கணப்புச் சட்டி வைத்திருந்தனர். “புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுவந்தோம், சாமி” என்றார் பாட்டியார். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

புகை அடங்கிய தணலே அஞ்சத்தக்கது. போதிய காற்றின்றிக் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; கண்ணையும் கரிக்காது. குருதியின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் உறக்கத்திலேயே நினைவிழப்பார். உதகையிலும் கொடைக்கானலிலும் இவ்வாறு விழிக்காமலே போனவர்கள் உண்டு.

பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் இவ்வாயுவை அறியக் கானரிப் பறவையைக் கூண்டில் கொண்டு இறங்கினர். மனிதருக்கு முன்பே அது சோர்ந்து விழும். பாவம், 1986 வரை அப்பறவைகளுக்கு அவ்வேலை ஓயவில்லை! இன்று அதற்கெனவே எச்சரிக்கைக் கருவிகள் விற்கின்றன. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்கருவியை இதற்கு நம்பலாகாது. நஞ்சேறிய குருதியையும் அது நலமென்றே காட்டக்கூடும்.

வீட்டார் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலியும் குமட்டலும் தோன்றி, வெளியே வந்ததும் தணிகின்றனவா? அனைவரையும் வெளியேற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சன்னலைச் சற்றே திறந்தால் போதாதா என்பர் சிலர். போதாது, உறங்கும் அறையில் தணலே வேண்டா.

பாட்டியார் சட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு, “குளிருக்கு என்ன செய்ய, சாமி?” என்றார். மறுநாள் கோவிற்பிள்ளையிடம் இரு கம்பளிகள் கொடுத்தனுப்பினோம்.